மாண்டலின்ல புளூகிராஸ் ரிதம்: முதல்ல 'சாப்' பழகுங்க

புளூகிராஸ்ங்கிற அமெரிக்க நாட்டுப்புற பாணி இசை பேண்ட்ல பெரும்பாலும் டிரம்ஸ் இருக்காது, அந்த வேலைய மாண்டலின் தான் பாக்குது, நாலு தட்டுல பேஸ் 1லயும் 3லயும் விழும், நீங்க 2லயும் 4லயும் 'சக்'னு வெட்டணும், அதுதான் 'சாப்', புளூகிராஸோட தந்தைனு சொல்ற மாண்டலின் கலைஞர் பில் மன்றோ வாசிச்சதக் கேட்டாலே இது புரிஞ்சிடும்.

ஜி கார்டுக்கு முழு ஷேப், தடிச்ச கம்பில இருந்து (ஜி, டி, ஏ, ஈ) ஃப்ரெட் (கழுத்துல இருக்குற கட்டம்) நம்பர் 7-5-2-3. ஆரம்பத்துல விரல் அவ்ளோ தூரம் எட்டாது, கஷ்டப்படாதீங்க, அந்த 7அ விட்டுட்டு டி, ஏ, ஈ கம்பில மட்டும் 5-2-3 பிடிங்க. அதே ஷேப்ப அப்படியே ஒரு கம்பி மேல ஜி, டி, ஏ-க்கு தள்ளுனா சி கார்டு, அங்கருந்து ரெண்டு ஃப்ரெட் ஏத்துனா டி கார்டு, இந்த மூணு போதும் ஏகப்பட்ட பாட்டுக்கு! பிடிக்காத கம்பி மேல விரல் லேசா பட்டு சத்தம் வராம இருக்கணும்.

சூட்சுமம் இடது கைல தான் இருக்கு. பிக் பட்ட உடனே அழுத்தத்த மட்டும் தளர்த்துங்க, விரல கம்பில இருந்து முழுசா எடுத்துடாதீங்க, எடுத்தா ஓபன் கம்பி 'ஙொய்'னு கத்தும். வலது மணிக்கட்டு லூசா இருக்கட்டும், வேகமா டவுன் ஸ்ட்ரோக் மட்டும்.

மெட்ரோனோம் (தாளத்துக்கு டிக் அடிக்கிற கருவி) நிமிஷத்துக்கு 50 டிக்ல வச்சு, அந்த டிக்க 2, 4னு நெனச்சு வாசிங்க. முதல்ல குழப்பும், விட்றாதீங்க.