ஃபேன் இரைகிறதா? கேபினட்டைத் திறந்து தூசி எடுக்கலாம்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததுமே மிக்ஸி ஓடுகிற மாதிரி சத்தம் வருகிறதா? நாலு டேப் திறந்தாலே எல்லாம் மந்தமாகிறதா? விண்டோஸை மறுபடி போட உட்காருவதற்கு முன்னால் கேபினட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். பிராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால், கருகிப் போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்த மந்தத்துக்கு விண்டோஸ் என்ன செய்யும்?

முதலில் பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரைக்குள் போய் (ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 பட்டன்) சிபியு, அதாவது பிராசஸரின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

தேவையானவை: ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், புதிய பெயின்ட் பிரஷ் ஒன்று, பென்சில் ரப்பர், டார்ச். ப்ளோயர் கிடைத்தால் நல்லது. வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டாம், அதன் குழாய் முனையில் சேரும் நிலைமின்சாரம் சிப்புகளுக்கு ஆகாது. ஈரத்துணியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஷட் டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். பின்பக்கத்தை போனில் ஒரு படம் எடுத்துவிட்டு எல்லா ஒயரையும் கழற்றுங்கள். அப்புறம் பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். இனி மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ தூக்கிப் போய்விடுங்கள். ஹாலிலேயே ஊதினால் என்ன ஆகும் என்பதை வீட்டில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

பெரும்பாலான கேபினட்டுகளில், முன்பக்கமிருந்து பார்த்தால் இடதுபக்கத் தகடுதான் திறக்க வேண்டியது. பின்னால் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். கழற்றிவிட்டுத் தகட்டைப் பின்னோக்கி இழுங்கள். உள்ளே எதைத் தொடுவதற்கு முன்பும் கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரும் மதர்போர்டு (எல்லாம் பொருத்தியிருக்கும் பெரிய பலகை) மேல் படிந்திருப்பதைத் துடைத்துவிட்டு மூடிவிடுவார்கள். அதனால் பெரிய பலன் இல்லை. சிபியு ஃபேனின் இறக்கைகளுக்கு நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபேனுக்கும், அதற்கு அடியில் பிராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் இடையில் சாம்பல் நிறத்தில், கம்பளி மாதிரி ஒரு அடுக்கு தெரியும். ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று அதைத் தாண்டிப் போகாது. எடுக்க வேண்டியது இதைத்தான்.

ஒரு விரலால் ஃபேனை அசையாமல் பிடித்துக்கொண்டு, இறக்கை இடைவெளி வழியாகப் பிரஷை விட்டு அந்த அடுக்கைக் கிளறுங்கள். கொத்தாக மேலே வரும். மிச்சத்தை ப்ளோயரால் விட்டு விட்டு ஊதுங்கள். ஃபேனைப் பிடிக்க மறக்க வேண்டாம். நான் முதல்முறை ஊதியபோது அது விர்ரென்று சுற்றுவதை வேடிக்கை பார்த்தேன். அடுத்த மாதமே பேரிங் கடகடக்க ஆரம்பித்து, புது ஃபேன் வாங்க வேண்டியதாயிற்று.

அடுக்கு அசையவே இல்லை என்றால் ஹீட்சிங்கைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் கழற்றினால் பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தாக வேண்டும். கையில் பேஸ்ட் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை (பவர் ஒயர் செருகும் பவர் சப்ளை) திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். வெளியிலிருந்தே, ஓட்டைகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதினால் போதும்.

அடுத்து ராம், அதாவது மதர்போர்டில் செருகியிருக்கும் நீளமான மெமரி பலகை. அதன் ஓரத்து கிளிப்பைத் தள்ளினால் அது மேலே வரும். பொன்னிறப் பட்டைகளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகள் இல்லாமல் துடையுங்கள். ஸ்லாட்டையும் பிரஷால் தட்டிவிடுங்கள். திரும்பப் போடும்போது ராமில் உள்ள வெட்டு ஸ்லாட்டின் மேட்டில் பொருந்த வேண்டும். கிளிப் ‘டிக்’ என்று மாட்டும்வரை அழுத்துங்கள்.

மூடுவதற்கு முன் எந்த ஒயரும் ஃபேனில் உரசவில்லை என்று பார்த்துவிட்டு, போனில் எடுத்த படத்தைப் பார்த்துப் பின்பக்க ஒயர்களை மாட்டி ஆன் செய்யுங்கள். திரையில் ஒன்றும் வராமல் பீப் பீப் என்று கத்தினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ராம் சரியாக உட்காராததுதான் காரணம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமை மறுபடி அழுத்துங்கள். ஃபேன் சுற்றுகிறதா? சரி, அணைத்துவிட்டுத் தகட்டை மாட்டி, பயாஸில் வெப்பநிலையைப் பாருங்கள்.

கேபினட் தரையில் இருந்தால் ஒரு ஸ்டூல் மேல் ஏற்றுங்கள். தைத்துப் போட்டிருக்கும் துணி உறையை, கம்ப்யூட்டர் ஓடும்போது கழற்றிவிடுங்கள்.