நாலடி பட்டிங் இடதுபக்கமே போனது ஏன்?

நந்தனம் காஸ்மோ கோல்ஃப் மைதானத்தில் பட்டிங் (பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் தள்ளுவது) பழகும்போது, நாலடிப் பந்துகூடக் குழியின் இடது விளிம்பை உரசிவிட்டு ஓடியது. நான் வலதுகைக்காரன். நிற்கும் விதத்தை மாற்றினேன், பந்தைத் தள்ளி வைத்தேன், இடதுகையைக் கீழே பிடித்தேன். பெர்முடா புல்லின் சாய்வோ என்று எதிர்ப்பக்கமிருந்தும் அடித்தேன், அப்போதும் இடதுதான்.

ஸ்டீல் ஸ்கேலைத் தரையில் வைத்து அதன்மேல் பட்டரால் (பட்டிங் அடிக்கும் மட்டை) பந்தை உருட்டினால், பாதியிலேயே இடப்பக்கம் சரிந்தது. புல் தப்பித்தது, சந்தேகம் பட்டர் மேல்.

பட்டர் முகத்தை வீட்டு டைல்ஸ் கோட்டோடு ஒட்டி வைத்து மேலிருந்து பார்த்தேன். க்ரிப்பில், அதாவது கைப்பிடி உறையில், கட்டைவிரல் உட்காரும் தட்டையான பக்கம் லேசாக வலப்பக்கம் திரும்பியிருந்தது! சென்னை வேர்வையில் பழைய க்ரிப் வழுக்குகிறதென்று கடையில் கொடுத்து மாற்றியது அது. கட்டைவிரலை நேராக வைத்தால் முகம் இடதுபக்கம் மூடிக்கொள்ளும். 4 அடியில் 3 டிகிரி பிசகினாலே பந்து இரண்டரை அங்குலம் விலகும். குழியின் மொத்த அகலமே 4.25 அங்குலம்தான்.

க்ரிப்பை பிளேடால் கிழித்தெடுத்து, டபுள் சைட் டேப் சுற்றி, பெட்ரோலில் நனைத்துப் புதியதை நுழைத்தேன். (அடுப்பங்கரைப் பக்கம் வேண்டாம், மொட்டைமாடி உத்தமம்.) ஈரம் காய்வதற்குள் டைல்ஸ் கோட்டில் வைத்து நேராக்கிவிட வேண்டும், காய்ந்தபின் அசையாது. மறுநாள் பந்து ஸ்கேலின் முனைவரை ஓடியது. அப்பாடா!