ஹனிமூன் ஐலண்ட் ஆஸ்ப்ரே டிரெயில்: முதல் தடவை போறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

ஃப்ளோரிடால டாம்பா பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்ககிட்ட ஹனிமூன் ஐலண்ட்னு சொன்னாலே பீச்தான் ஞாபகம் வரும், மணல்ல உக்காந்து சன்செட் பாத்துட்டு வீட்டுக்கு வந்துடுவாங்க. அதே தீவோட வடக்குப் பக்கம் ஆஸ்ப்ரே டிரெயில்னு ஒரு லூப் இருக்கு, அதாவது சுத்தி வந்து கிளம்பின இடத்துலயே முடியுற நடைபாதை. ரெண்டரை மைல் கிட்ட வரும், ஏத்தம் இறக்கம்னு ஒண்ணும் கிடையாது, ஊர்லேருந்து வந்திருக்கிற அம்மா அப்பாவையும் தாராளமா கூட்டிட்டுப் போகலாம். ஆனா எந்த மாசம் போறோம், எங்க நின்னு பறவைக் கூட்டைப் பாக்குறோம்ங்கிற ரெண்டும் சரியா இல்லன்னா பைன் மரத்தைச் சுத்திட்டு வந்ததுதான் மிச்சம். அதான் இவ்ளோ விரிவா எழுதுறேன்.

ஸ்டெப் 1: மாசம் பாத்துப் போங்க

ஜனவரிலேருந்து ஏப்ரல் வரைக்கும்தான் என்னோட சாய்ஸ். ஆஸ்ப்ரே, அதாவது தமிழ்ல விரால் அடிப்பான்னு சொல்ற மீன்பிடிக்கிற கழுகு, அப்பதான் கூட்டுல இருக்கும், குஞ்சுங்களும் இருக்கும். கோடைல போனா கொசு, வேர்வை, அதுக்கு மேல மத்தியான இடி மின்னல். ஃப்ளோரிடால ரெண்டு பக்கக் கடல் காத்தும் உள்ள வந்து மோதி தினம் மேகம் கட்டும், அதுலயும் டாம்பா சுத்துவட்டாரத்துல மின்னல் ரொம்ப ஜாஸ்தி. ஜூன்லேருந்து செப்டம்பர் வரை போயே ஆகணும்னா காலைல போயிட்டு மத்தியானத்துக்குள்ள காருக்கு வந்துடுங்க. இடிச் சத்தம் கேட்டுச்சுன்னா நடையை விட்டுட்டு காருக்குள்ள போயிடுங்க, கடைசியாக் கேட்ட இடிலேருந்து அரை மணி நேரம் கழிச்சுதான் வெளில வரணும்.

ஸ்டெப் 2: கேட்

பார்க் காலைல 8 மணிக்குத் திறக்கும், சூரியன் மறையுற நேரத்துக்கு மூடிடுவாங்க. கார் ஒண்ணுக்கு 8 டாலர், கார்ல ஒருத்தர் மட்டும் போனா 4 டாலர். டாம்பாலேருந்து கோர்ட்னி கேம்ப்பெல் காஸ்வே (தண்ணி மேல போற ரோடு) தாண்டி டனீடின் பக்கம் போயி கர்லியூ ரோட்டைப் பிடிச்சு மேற்கால நேரா விட்டா அதுவே காஸ்வே ஆகி தீவுல கொண்டு விட்டுடும். ஃப்ளோரிடாவோட ஸ்டேட் பார்க்லயே அதிகக் கூட்டம் வர்ற இடம் இது, அதனால சனி ஞாயிறு பத்து மணிக்கு மேல கிளம்புறதா இருந்தா வேற நாள் பாத்துக்குங்க, காஸ்வேல வண்டி நகராது.

ஸ்டெப் 3: பையில என்ன இருக்கணும்

தண்ணி, தொப்பி எல்லாம் சொல்லவே வேணாம். டிரெயிலுக்குள்ள தண்ணியும் கிடையாது, பாத்ரூமும் கிடையாது, கார் நிறுத்துற இடத்துலயே முடிச்சுட்டு கிளம்புங்க. பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெருசாக் காட்டுறது) இருந்தாப் போதும், 10x எடுத்தா கை ஆடுறதுல முதல் தடவை பாக்குறவங்களுக்குப் பறவையைப் பிடிக்கிறதே கஷ்டம். போன்ல பறவை பேர் கண்டுபிடிக்கிற மெர்லின் ஆப் முன்னாடியே போட்டு ஃப்ளோரிடா அடங்கின பகுதியோட பறவைங்க பேக்கை டவுன்லோட் பண்ணி வச்சுக்குங்க, ஃப்ரீதான். கொசு மருந்துல நான் பிகாரிடின் 20% தான் சொல்லுவேன், டீட் வேலை செய்யும் ஆனா பிளாஸ்டிக்கை அரிக்கும், பைனாகுலர், கூலிங் கிளாஸ் எல்லாம் வீணாயிடும். முதல்ல சன்ஸ்கிரீன், அது காஞ்சதும் மேல கொசு மருந்து, இந்த வரிசையை மாத்தாதீங்க. விடிகாலையும் சாயங்காலமும் காத்து இல்லாத நேரத்துல நோசீயம்னு கண்ணுக்கே தெரியாத பூச்சி கடிக்கும், கொசுவை விட அதுதான் படுத்தும். மூடின ஷூ போடுங்க, ஓரத்துப் புல்லுல முள்ளுக்காய் இருக்கு, செருப்புன்னா காலைக் கிழிச்சுடும்.

ஸ்டெப் 4: டிரெயில் ஆரம்பிக்கிற இடம்

கேட் தாண்டினதும் வர்ற பார்க்கிங் எல்லாம் பீச்சுக்கானது. அங்க நிறுத்தாம ரோடு முடியுற வரைக்கும் வடக்கால போங்க, பிக்னிக் ஏரியாகிட்ட டிரெயில் போர்டு இருக்கும்.

ஸ்டெப் 5: கூட்டைப் பாக்குறது எப்படி

நிறையப் பேர் தவறவிடுறது இந்த இடத்துலதான், கொஞ்சம் நிதானமாப் படிங்க.

நடக்கும்போது கண்ணு தானா கீழயும் நேராவும்தான் போகும், ஆனா இங்க எல்லாமே மேல இருக்கு. பட்டுப் போன பைன் மரத்தோட உச்சியைத் தேடுங்க. குச்சியை வாரிக் கொட்டின மாதிரி பெரிய குவியல் தெரியும், அதுதான் கூடு, வருஷா வருஷம் அதே கூட்டுல குச்சி சேத்துக்கிட்டே போறதால அவ்ளோ பெருசு ஆகுது. மரத்தடில வெள்ளையா எச்சம் சிதறிக் கிடந்தாலும் நின்னு அண்ணாந்து பாருங்க. கீச் கீச்னு மெலிசான விசில் சத்தம் கேட்டா அதுவும் ஆஸ்ப்ரேதான், இவ்ளோ பெரிய பறவைக்கு இவ்ளோ சின்னக் குரலான்னு தோணும்.

அடுத்தது வெளிச்சம். சூரியனைப் பாத்தபடி நின்னா பறவை கறுப்பு நிழலாத்தான் தெரியும், எது ஆஸ்ப்ரே எது ஈகிள்னே புரியாது. உங்க முதுகுல வெயில் படுற மாதிரி நகந்து நில்லுங்க. லூப்பா இருக்கிறதோட பெரிய வசதி இதுதான், போகும்போது நிழலாத் தெரிஞ்ச சில கூடு திரும்பி வர்ற பக்கத்துலேருந்து வயிறு வெள்ளை, கண்ணு வழியாப் போற கறுப்புக் கோடு எல்லாம் பளிச்சுன்னு தெரியும். அதனால பாதியிலயே வந்த வழியா திரும்பிடாதீங்க. தலை முழுக்க வெள்ளை, உடம்பு கருமையா இருந்தா அது பால்ட் ஈகிள். ஆஸ்ப்ரே கஷ்டப்பட்டுப் பிடிச்ச மீனை அந்தரத்துலயே துரத்திப் பிடுங்குற ஆளு அது. பெரிய கொம்பு ஆந்தையும் உண்டு, அது சொந்தமாக் கூடு கட்டாது, ஆஸ்ப்ரே வர்றதுக்கு முன்னாடியே அதோட பழைய கூட்டுல போய் முட்டை வச்சுடும்.

ஆஸ்ப்ரே மீனைத் தூக்கிட்டு வந்தா கவனிங்க, மீன் தலை முன்னாடி பாத்தபடிதான் இருக்கும், காத்து தடுக்காம இருக்க அப்படித் திருப்பிப் பிடிச்சுக்கும். டிடிடிங்கிற பூச்சி மருந்தால முட்டை ஓடு மெலிஞ்சு அமெரிக்கால ரொம்பக் குறைஞ்சு போன பறவை இது, 1972ல அந்த மருந்தைத் தடை பண்ணின பிறகுதான் மீண்டு வந்துச்சு. அம்மா அப்பாகிட்ட இதையும் சொல்லுங்க, குளிர்காலத்துல பழவேற்காடு பக்கம் வர்றதும் இதே விரால் அடிப்பான்தான். எனக்கு அந்த நினைப்பே ஒரு சந்தோஷம்.

ஸ்டெப் 6: தரையையும் மறந்துடாதீங்க

மணல்ல அரைவட்டமா வாய் வச்ச பொந்து தெரிஞ்சா அது கோஃபர் ஆமையோடது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு, தொடவும் கூடாது, தீனி போடவும் கூடாது. முக்கியமா, பாவம் கடல்ல விடுவோம்னு யாராவது தூக்கினா தடுங்க, தரையில வாழுற ஆமை அது, தண்ணில முழுகிச் செத்துடும். அந்தப் பொந்துல முந்நூத்தி அம்பதுக்கும் மேல வேற உயிரினங்க தங்குது, டைமண்ட்பேக் ராட்டில்ஸ்னேக்ங்கிற விஷப்பாம்பும் அதுல ஒண்ணு. அதனால பொந்துக்குள்ள கையோ குச்சியோ விட வேணாம், பாதையை விட்டு புதருக்குள்ள இறங்கவும் வேணாம். வால் கிலுகிலுப்பை கேட்டா அப்படியே நின்னு சத்தம் எங்கேருந்து வருதுன்னு பாத்துட்டு மெதுவாப் பின்னாடி வாங்க.

நடுவுல பெலிக்கன் கோவ் டிரெயில்னு தண்ணி ஓரமா ஒரு கிளை பிரியும். கொக்கு, நாரை பாக்கணும்னா போங்க, வயசானவங்க கூட இருந்தா பெரிய லூப்பே போதும்.

அப்டேட்: ஸ்ட்ரோலர் போகுமான்னு கேட்டவங்களுக்கு: பெரிய சக்கரம்னா ஓகே, குடை மாதிரி மடக்குற சின்ன ஸ்ட்ரோலர் இளகின மணல்ல சிக்கிக்கும், குழந்தையை கேரியர்ல போட்டுக்கிறதே நல்லது.

இன்னொரு அப்டேட்: 2024ல ஹெலீன், மில்டன்னு ரெண்டு புயலும் அடுத்தடுத்து வந்து இந்தக் கரையை ரொம்பப் பாதிச்சுது. புயல் சீசன்ல மட்டும் இல்ல, எப்பப் போனாலும் கிளம்புற அன்னிக்குக் காலைல ஸ்டேட் பார்க் வெப்சைட்டுல இந்த பார்க் பக்கத்தைத் திறந்து டிரெயில் திறந்திருக்கான்னு பாத்துட்டு கிளம்புங்க.