ஒப்புக்கொடுத்த மறுநாள் காலையில் என்ன செய்வது?

கூட்டத்தின் கடைசியில் பாட்டை மெதுவாக்கி, "ஆண்டவருக்குத் தங்களை ஒப்புக்கொடுக்க விரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்று அழைப்பார்களே, அந்த அழைப்புக்கு நான் நான்கு முறை எழுந்து போயிருக்கிறேன். நான்கு முறையும் உண்மையாகத்தான் அழுதேன். ஆனால் ஒரு முறைகூட அது ஒரு வாரம் தாங்கவில்லை. மூன்றாவது முறை, கூட்டம் முடிந்து வீடு வந்து சேர்வதற்குள் வண்டியிலேயே கணவரைச் சுருக்கென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். மீதி வழி முழுக்க அவர் பேசவில்லை.

என் வியாதி குத்திப் பேசுவது. அடிதடி, குடி, திருட்டு எதுவும் கிடையாது. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போவேன், ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பேன். "மனசுல பட்டதைச் சொல்லிடுவேன், எனக்கு மறைக்கத் தெரியாது" என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன். என் மகள் ஒருநாள் சொன்னாள்: "அம்மா, நீங்க ஜெபம் முடிச்சு எழுந்தாலே எனக்குப் பயமா இருக்கும். அடுத்து யாரைப் பிடிப்பீங்களோன்னு." அப்போது அவளுக்கு வயது 14. இதற்கு நான் எழுந்து போன எந்தக் கூட்டத்திலும் பதில் கிடைத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்து பார்த்ததை, என்னைப் போல முன்னால் போய் அழுதுவிட்டு மறுநாள் காலையில் பழைய ஆளாகவே எழுந்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், பாவத்துக்குச் சரியான பெயர் வையுங்கள். "நான் பாவி" என்று ஜெபிப்பது உண்மைதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை ஒன்றும் செய்ய முடியாது. "கோபத்தை விடவேண்டும்" என்பதும் அப்படித்தான். நான் ஒரு சின்ன நோட்டை எடுத்து, ஒரு வாரம் எதையும் மாற்ற முயலாமல், குத்திப் பேசிய ஒவ்வொரு தடவையும் யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன சொன்னேன் என்று குறித்தேன். மொத்தம் 19. அதில் 12 என் மாமியாரிடம். அந்த 12-இல் பெரும்பாலானவை வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த முதல் அரைமணி நேரத்துக்குள். அதுவரை என் சுபாவமே அப்படி என்று நினைத்திருந்தேன். நோட்டைப் பார்த்தால் அது ஒரு ஆள், ஒரு அரைமணி நேரம். அதைப் பிடித்து ஜெபிக்க முடியும்.

பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவின் கதையிலும் நாத்தான் தீர்க்கதரிசி பொதுப்படையாக வந்து பிரசங்கம் செய்யவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை எடுத்துக்கொண்ட பணக்காரனின் கதையைச் சொல்லி, "நீயே அந்த மனுஷன்" என்று விரலை நீட்டினார். 51-ஆம் சங்கீதத்தின் தலைப்பே, நாத்தான் வந்து பேசிய பின் தாவீது பாடியது என்றுதான் சொல்கிறது. எனக்கு நாத்தானாக வந்தவள் என் மகள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் கேளுங்கள், கேட்டபின் வாதாடாதீர்கள். இரண்டாவதுதான் கஷ்டம்.

அடுத்தது வேதவாசிப்பு. வருடத்தில் ஒருமுறை ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை முடிக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. நல்ல பழக்கம், விடச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு அதிகாரம் என்று ஓடும்போது எந்த வசனமும் நின்று என்னைப் பார்க்கவில்லை. நீதிமொழிகள் 12:18-ஐ எத்தனை வருடம் கடந்து போயிருப்பேன்! "பட்டயக்குத்துகள்போல் பேசுகிறவர்களும் உண்டு, ஞானமுள்ளவர்களுடைய நாவோ ஔஷதம்." வாளால் குத்துகிறவள் என்று என்னைப் பெயர் சொல்லியே கூப்பிட்ட மாதிரி இருந்தது. அதை ஒரு மாதம் வைத்துக்கொண்டேன். கூடவே சங்கீதம் 141:3: "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்." இந்த இரண்டாவது வசனத்துக்கு நான் ஒரு இடம் கொடுத்தேன்: வீட்டு வாசற்கதவு. கைப்பிடியைத் தொடும்போது சொல்லவேண்டும், சொல்லாமல் உள்ளே போகக்கூடாது. முதல் வாரம் பாதி நாள் மறந்துவிட்டேன். மறந்த நாட்களில் வெளியே திரும்பி வந்து, மறுபடி கதவைத் திறந்து உள்ளே போனேன். பக்கத்து வீட்டார் என்ன நினைத்தார்களோ.

ரோமர் 12:2-இல் "உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்று பவுல் எழுதுகிறார். மலையின்மேல் இயேசு மறுரூபமானார் என்று மத்தேயு 17-இல் வரும் அதே கிரேக்க வினைச்சொல்தான் இங்கேயும் வருகிறது. இங்கே அது செயப்பாட்டு வினை. தொடர்ந்து நடந்துகொண்டே இருப்பதைக் குறிக்கும் வடிவம். அதாவது, என்னை மாற்றுகிறவர் வேறொருவர், அந்த வேலை ஒரே இரவில் முடிகிறதும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குப் பெரிய ஆறுதல். நான்கு கூட்டத்தில் அழுததும் வீணில்லை என்று தோன்றியது. ஆனால் அந்த வேலைக்கு அவர் என் திங்கட்கிழமைகளையும் கேட்கிறார்.

விட்டதன் இடத்தில் வேறொன்றை வைக்காவிட்டால் பழையது திரும்பி வரும். மத்தேயு 12-இல் இயேசு சொல்லும் வீட்டைப் பாருங்கள். அசுத்த ஆவி புறப்பட்டுப் போகிறது. திரும்பி வரும்போது வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டு, வெறுமையாக இருக்கிறது. உடனே தன்னைவிடப் பொல்லாத வேறு ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு குடியேறுகிறது. எபேசியர் 4:28-இல் திருடனுக்குச் சொல்லப்படுவதும் இதே போக்குதான். திருடாதே என்பதோடு நிறுத்தாமல், கைகளால் வேலை செய், குறைச்சலுள்ளவனுக்குக் கொடு என்று போகிறது. எடுத்த கையே கொடுக்கவேண்டும். அடுத்த வசனமே பேச்சைப் பற்றியது.

நான் முதலில் செய்தது வாயை மூடிக்கொண்டதுதான். உள்ளே நுழைந்து யாரிடமும் பேசாமல் அறைக்குப் போய்விடுவேன். இரண்டு வாரத்தில் வீட்டில் எல்லோரும் இன்னும் அதிகமாகப் பயந்தார்கள்! என் மௌனமும் குத்துகிறது என்று அப்போதுதான் புரிந்தது. அப்புறம் ஒரு கேள்வியை முடிவுசெய்தேன். மாமியாரிடம் போய், "இன்னைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்டு, பதில் முடியும்வரை நிற்பது. முதல் நாள் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், உனக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எங்கள் வீட்டில் இறுக்கத்தை முதலில் உடைத்தது அந்தச் சந்தேகம்தான்.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். சரிக்கட்டுவது. தேவன் மன்னித்துவிட்டார், முடிந்தது என்று நாம் சுலபமாகக் கடந்துவிடுகிற இடம் இது. அநியாயமாய் வாங்கியதைத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்ன வரிவசூல்காரன் சகேயுவைப் பாருங்கள். மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தில், தவறை அறிக்கையிட்டுத் திருப்பிக் கொடுப்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூடச் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று எண்ணாகமம் 5-இல் இருக்கிறது. சகேயு சொன்னது நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு. ஆட்டைத் திருடி விற்றவனுக்கு யாத்திராகமம் 22-இல் விதித்திருக்கிற அளவு அது. தன்னைத் திருடன் என்றே அவன் கணக்குப் போட்டிருக்கிறான்.

எனக்கு அந்தக் கணக்கு என் அண்ணியிடம் இருந்தது. ஒரு குடும்ப விசேஷத்தில், பத்துப் பதினைந்து பேர் இருக்கும்போது, அவர் பிள்ளையின் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவர் மட்டும் எழுந்து உள்ளே போனார். ஆறு வருடம் ஆகிவிட்டது. முதலில் மூன்று பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். மறுநாள் படித்தால் இரண்டரைப் பக்கம் அவர் குறைகள்! கிழித்துப் போட்டேன். பிறகு போனில் நான்கே வாக்கியம்: நான் சொன்னது இது, அது பொய், பிள்ளையை வைத்து உங்களைத் தாழ்த்தினேன், மன்னியுங்கள் அண்ணி. "ஆனால்" என்ற சொல் எங்கும் வரக்கூடாது என்று காகிதத்தில் எழுதி முன்னால் வைத்திருந்தேன். அவர் "சரி" என்றார். போனை வைத்துவிட்டார்.

எட்டு மாதம் அந்த "சரி"க்கு மேல் ஒன்றும் இல்லை. எனக்குள் ஒரு முனகல்: நான்தான் கேட்டுவிட்டேனே. பிறகுதான் உறைத்தது, குத்தியது பத்துப் பேர் முன்னால், மன்னிப்பு மட்டும் தனியாக, போனில். அடுத்து குடும்பம் கூடியபோது எல்லோரும் இருக்கையில் சொன்னேன். குரல் நடுங்கியது, சொல்லவேண்டியதில் பாதியை விழுங்கிவிட்டேன். அண்ணி இன்றும் என்னிடம் அளந்துதான் பேசுகிறார். அது அவர் உரிமை. மன்னிப்பு கேட்பது என் கடன், மன்னிப்பதற்கு நாள் குறிப்பது என் வேலை இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் அடிபட்டவர், மிரட்டப்பட்டவர் என்றால் இந்தப் பகுதி உங்களுக்கு இல்லை. உங்களைக் காயப்படுத்துகிறவரிடம் திரும்பிப் போய் நிற்பதை யாராவது மன்னிப்பு என்று போதித்தால் கேட்காதீர்கள். மன்னிக்கலாம், தூரமாக இருந்துகொண்டே. அதேபோல் தூக்கமே வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் போனால் மருத்துவரைப் பாருங்கள், அது விசுவாசக் குறைவு இல்லை. சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் உபதேசம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, தட்டியெழுப்பி, சாப்பிடச் சொன்னான். இரண்டு முறை.

யாக்கோபு 5:16, குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. ஊருக்கே சாட்சி சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது, அதில் பழைய பாவத்தை மட்டும் சொன்னால் போதும். இந்த வாரத்துப் பாவத்தைச் சொல்ல ஒரே ஒரு ஆள் வேண்டும். எங்கள் சபையில் என்னைவிட இருபது வயது மூத்த ஒரு அம்மாவைத் தேர்ந்தெடுத்தேன். காரணம், அவர் குறைவாகப் பேசுவார். சனிக்கிழமை மாலை போன் பண்ணி, "நோட்டுல எத்தனை?" என்று மட்டும் கேட்பார். எண்ணைச் சொல்வேன். ஜெபிப்பார். ஐந்து நிமிடம்கூட ஆகாது. வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் இதைப் போட்டுவிடாதீர்கள், அங்கே உங்களுக்கு 40 கைகூப்பும் படங்கள்தான் வரும்.

விழுவீர்கள். பெந்தெகொஸ்தே நாளில் அவ்வளவு பேருக்குப் பிரசங்கித்த பேதுரு, அதற்கு வெகுகாலம் கழித்து அந்தியோகியாவில் ஆட்களுக்குப் பயந்து, யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிடாமல் விலகினார் என்றும், பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் என்றும் கலாத்தியர் 2 சொல்கிறது. ஜான் நியூட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1748-இல் கடற்புயலில் தேவனை நோக்கிக் கூப்பிட்ட அந்த மாலுமி, அதற்குப் பிறகும் அடிமைக் கப்பல்களில் தலைவனாகப் போனார். 1754-இல் கடல் பயணத்தை நிறுத்தியதுகூட உடல்நிலை கெட்டதால்தான். அந்த வியாபாரத்துக்கு எதிராக அவர் வெளிப்படையாக எழுதியது 1788-இல். 40 வருடம்! இதைச் சாக்காகச் சொல்லவில்லை, அந்த 40 வருடத்துக்குள் விற்கப்பட்டவர்களை நினைத்தால் சாக்கு வராது. மனந்திரும்பிய ஒருவருக்குக்கூடத் தன் கைக்கு அருகில் இருக்கிற பாவம் எவ்வளவு காலம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது என்று பயந்துதான் சொல்கிறேன். அதனால்தான் நோட்டு. அதனால்தான் அந்த அம்மாவின் போன்.

போன வாரம் என் எண்ணிக்கை 3. மாமியாருக்கு ஒன்றுகூட இல்லை. மூன்றுமே மகளுக்கு. அவளுக்கு இப்போது 19, பரீட்சை நேரம், என் கவலையெல்லாம் அவள்மேல் கொட்டுகிறது. ஆக, அரைமணி நேரம் இடம் மாறியிருக்கிறது: காலை, அவள் கிளம்புகிற நேரம். நேற்று சொன்ன வார்த்தைக்கு இன்னும் அவளிடம் மன்னிப்பு கேட்கவில்லை. ஐந்தரை மணிக்கு வருவாள். காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு வாக்கியம், "ஆனால்" இல்லாமல்.