பேரிங்கா, டிரனியனா? பிரேக்கை மிதித்துப் பாருங்கள்

1948-இல் வெளிவந்த மாரிஸ் மைனர் போன்ற பழைய காரில் முன்சக்கரம் ஆடினால், உடனே பேரிங்கை மாற்றிவிடாதீர்கள். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, டயரின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து அசையுங்கள். அப்புறம் ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பெரும்பாலும் டிரனியன் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் தண்டைச் சஸ்பென்ஷனோடு சேர்க்கும் மரையுள்ள இணைப்பு) தேய்ந்திருக்கும். அதன் மரை முழுசாகப் போனால் ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடும், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். கிரீஸ் அடிக்காமல் விட்டதுதான் வழக்கமான காரணம்.

பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா? ஓட்டி நிறுத்தியதும் பிரேக் டிரம்களின் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். முன்னால் ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடிக்கிறது. பிளீடர் நிப்பிளை (பிரேக் ஆயிலை வெளியே விடும் சிறு திருகு) சற்றுத் திறந்ததும் சக்கரம் சுழன்றால், பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கலாம். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும்.