நாலு பேர் கூடும் இடத்தில் நம் பாட்டைப் பற்றிப் பேசுவது எப்படி

திரைப்படத்துக்கு வெளியே சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்து, வாடகை ஸ்டுடியோவிலோ வீட்டு அறையிலோ ஒலிப்பதிவு செய்து வெளியிடும் சென்னை இசைக்கலைஞர்களில் விளம்பரத்துக்கென்று தனியாகப் பணம் ஒதுக்க முடிந்தவர்கள் குறைவு. ஆகவே கல்யாண வீடு, நண்பரின் பிறந்தநாள் விருந்து, சபா கேன்டீன், அலுவலகத்தின் மதிய உணவு வேளை, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு ஆகியவையே பாட்டைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லும் இடங்களாக அமைகின்றன. அதில் தவறேதும் இல்லை. உழைத்துச் செய்த ஒன்றைத் தெரிந்தவர்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? ஆனால் டிக்கெட் வாங்கிக் கச்சேரிக்கு வந்தவர் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். யூடியூபில் பார்ப்பவர் அடுத்த காணொளிக்குப் போய்விடலாம். பந்தியில் உங்களுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும் உறவினர் அப்படிப் போக முடியாது. பழக்கத்துக்காகவும் மரியாதைக்காகவும் அவர் 'நல்லா இருக்குப்பா' என்று சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. இந்த இடங்களில் கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறைகள் அனைத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன: கேட்பவர் மனத்தாங்கல் இல்லாமல் மறுப்பதற்கு எப்போதும் வழி விட்டே நாம் பேச வேண்டும்.

வற்புறுத்திக் கேட்க வைப்பதால் என்ன கிடைக்கிறது

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. ஸ்பாட்டிஃபை என்ற இசைச் செயலியில் ஒரு பாட்டு 30 விநாடியாவது ஒலித்தால்தான் அது ஒருமுறை கேட்டதாகக் கணக்கில் ஏறும். 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அந்நிறுவனம் உரிமத்தொகை எதையும் கணக்கிடுவதில்லை. ஆகவே விருந்தில் பத்துப் பேரைச் சுற்றி நிற்கவைத்து, அவரவர் கைபேசியை எடுக்கச் சொல்லிப் பாட்டை ஓடவிடுவதால் வருமானம் என்று எதுவும் வராது. இதைவிடப் பெரிய சேதம் ஒன்றும் உண்டு. ஒரு பாட்டைக் கேட்பவர்கள் வேறு எவற்றைக் கேட்கிறார்கள் என்பதைக் கவனித்துத்தான் இத்தகைய செயலிகள் அதை யாருக்குப் பரிந்துரைக்கலாம் என்று தீர்மானிக்கின்றன. பக்திப் பாடல்களை மட்டுமே கேட்கும் மாமாவும் குழந்தைப் பாடல்களை ஓடவிடும் அக்காவும் தாட்சண்யத்துக்காக உங்கள் பாட்டை ஒருமுறை ஓடவிட்டால், அது போய்ச் சேர வேண்டிய காதுகளைப் பற்றிய தடயம் கலங்கிப்போகிறது.

'சத்தத்தைக் குறைத்துவிட்டு இரவு முழுக்க ஓடவிடு' என்று நண்பர்களிடம் கேட்பதை அறவே நிறுத்திவிட வேண்டும். இது செயற்கையாக எண்ணிக்கையை ஏற்றும் செயலாகவே பார்க்கப்படும். அத்தகைய ஏற்றம் வெளிப்படையாகத் தெரியும் பாடல்களுக்கு அவற்றை விநியோகித்த நிறுவனங்களிடமிருந்து ஸ்பாட்டிஃபை அபராதம் வசூலிக்கத் தொடங்கியிருக்கிறது. பாட்டே நீக்கப்படவும் கூடும். நண்பரின் அன்பை இப்படிப்பட்ட ஒன்றுக்குச் செலவிடுவது அவருக்கும் நியாயம் செய்வதாகாது.

'இப்ப எந்தப் படம்?'

தமிழ்நாட்டில் பாட்டு என்றாலே திரைப்படப் பாட்டு என்று நினைப்பவர்கள் ஏராளம். ஆகவே தனியிசைக் கலைஞர் ஒருவர் விசேஷ வீட்டுக்குள் நுழைந்ததும் சந்திக்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். இதில் குத்தல் இருப்பதாக எடுத்துக்கொண்டு சுருங்கிப்போவதும், திரையிசையின் ஆதிக்கத்தைப் பற்றி அங்கேயே விளக்கவுரை ஆற்றுவதும் ஒரே அளவுக்குப் பயனற்றவை. கேட்டவர் அக்கறையோடுதான் கேட்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் அது. பதில் இரண்டு வாக்கியத்துக்குள் இருக்கட்டும்:

'என்னப்பா, இப்ப எந்தப் படத்துக்குப் பாடுற?'

'படத்துக்கு இல்ல பெரியப்பா, நானே எழுதி நானே பாடி வெளியிடறேன். போன மாசம் ஒண்ணு வந்துச்சு, நம்ம ஊர் ஏரி வத்திப்போனதப் பத்தி.'

இத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். பாட்டு எந்த வகையைச் சேர்ந்தது என்று இங்கே சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும். 'இண்டி ஃபோக்', 'ஆல்டர்னேட்டிவ்' போன்ற சொற்கள் சக கலைஞர்களுக்கிடையே பயன்படும். பெரியப்பாவுக்கோ பாட்டு எதைப் பற்றியது என்பதுதான் பிடிமானம். 2021இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' போல, படத்தில் வராமலே வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்த பாட்டு ஒன்றைச் சொன்னால் அவருக்கு இன்னும் எளிதாக விளங்கும். அதன் பிறகு அவர் 'அப்படியா, எங்க கேக்கலாம்?' என்றால் பேச்சு தொடரலாம். 'சரி சரி, சாப்பிட்டியா?' என்றால் சாப்பிடப் போய்விட வேண்டும். அந்தக் கேள்வியிலும் அன்பு இருக்கிறது, மறுப்பும் இருக்கிறது. இரண்டையும் அவர் மனம் நோகாமல் ஏற்றுக்கொள்வதே பண்பு.

பாடச் சொல்லிக் கேட்டால்

'நீதான் பாடுவியே, ஒரு பாட்டு பாடேன்' என்று கூட்டத்தில் யாராவது சொல்லும் தருணம் கலைஞருக்கு மிகவும் சங்கடமானது. அதே சமயம், சரியாகக் கையாண்டால் மிகவும் பயனுள்ளதும் அதுவே. ஐந்து நிமிடம் பிகு செய்துவிட்டுப் பிறகு பாடுவது கேட்டவரைக் கெஞ்ச வைக்கிறது. பாட இயலாவிட்டால் தொண்டையைக் காட்டி ஒரே வார்த்தையில் மறுத்துவிடலாம். பாடுவதென்றால் முதலில் அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றின் பல்லவியையும் ஒரு சரணத்தையும் பாடுவது நலம். அந்தக் கூட்டம் கேட்டது உங்கள் புதிய வெளியீட்டை அல்ல; சேர்ந்து முணுமுணுக்க ஏதோ ஒன்றை. அதைக் கொடுத்த பிறகு 'நீ எழுதினது ஏதாவது பாடு' என்று யாராவது கேட்டால், அப்போது ஒன்றே ஒன்று, மூன்று நிமிடத்துக்கு மிகாமல் பாடலாம். கேட்கப்படாமல் இரண்டாவதைத் தொடங்கக் கூடாது.

மணமேடைக்கு அருகில் நாகஸ்வரமும் தவிலும் வாசித்துக்கொண்டிருப்பவர்களும், வரவேற்பில் வாசிக்கும் மெல்லிசைக் குழுவினரும் அங்கே பணியில் இருக்கும் கலைஞர்கள். வீட்டுக்காரருக்கு வேண்டியவர் என்ற உரிமையில் அவர்கள் கையிலிருந்து மைக்கை வாங்குவது, அவர்கள் நிகழ்ச்சி நிரலைக் குலைப்பது, 'சுருதியைக் கொஞ்சம் மாத்துங்க' என்று பக்கவாத்தியக்காரரிடம் சொல்வது எல்லாம் நம் தொழிலை நாமே மதிக்காத செயல்கள். வீட்டுக்காரர் உண்மையாகவே விரும்பினால் அவரே குழுத்தலைவரிடம் முன்கூட்டிப் பேசட்டும். துக்க வீடு, மருத்துவமனை, குடும்பப் பஞ்சாயத்து நடக்கும் கூடம் ஆகிய இடங்களில் யார் கேட்டாலும் பாட்டின் பேச்சை எடுக்காமல் இருப்பதே சரி.

கைபேசியும் வாட்ஸ்அப்பும்

கைபேசியில் பாட்டை ஓடவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதைப் போல அவரைத் திணறடிப்பது வேறொன்றும் இல்லை. நான்கு நிமிடமும் அவர் முகத்தை இறுகாமல் வைத்திருக்க வேண்டும், தலையாட்ட வேண்டும், முடிந்ததும் ஏதாவது சொல்ல வேண்டும். இசைக்கும் அது நல்லதல்ல. மாதக்கணக்கில் மிக்ஸிங் செய்த, அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலந்த பாட்டை, பாத்திரச் சத்தத்துக்கு நடுவே, அடிநாதமே கேட்காத சிறு ஸ்பீக்கரில் அறிமுகப்படுத்துவானேன்? நண்பர் வீட்டு விருந்தில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கேட்காமல் நம் கைபேசியோடு இணைப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. அங்கே என்ன ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் விருந்து கொடுப்பவர்தான்.

கேட்க விரும்புவதாக ஒருவர் சொன்னால் அப்போதே இணைப்பை அனுப்பிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடலாம், அல்லது க்யூஆர் குறி அச்சிட்ட சிறிய அட்டை ஒன்றைக் கொடுக்கலாம். மறுநாள் அனுப்புவது இன்னும் நன்று. அந்தச் செய்தி இப்படி அமையலாம்:

'வணக்கம் அக்கா. நேத்து விருந்துல கேட்டீங்களே, அந்த ஏரிப் பாட்டு இதுதான், நாலு நிமிஷம் வரும். நேரம் கிடைக்கிறப்ப கேளுங்க. பதில் போடணும்னு இல்ல.'

கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அது இருப்பதால் பதில் வராமல் போய்விடாது. வரும் பதில் மனத்திலிருந்து வரும்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழு தண்ணீர் லாரி எப்போது வரும் என்பதற்காக உருவானது. பள்ளிப் பெற்றோர் குழு வீட்டுப்பாடத்துக்காக உருவானது. அங்கே பாட்டின் இணைப்பைப் போடுவதற்கு முன் குழுவின் நிர்வாகியிடம் தனியாகக் கேட்டு, அவர் சம்மதித்தால் ஒரு வெளியீட்டுக்கு ஒரே முறை போட வேண்டும். முன்னோட்டம், சுவரொட்டி, 'இன்னும் இரண்டு நாள்', 'இன்று மாலை', 'வெளியாகிவிட்டது', 'ஆயிரம் பார்வைகளைக் கடந்தது' என்று ஆறு முறை வந்தால், ஏழாவது முறை நல்ல பாட்டே வந்தாலும் யாரும் திறக்க மாட்டார்கள். ஒரு நண்பர் கூட்டம் பேசிக்கொண்டிருக்கும் குழுவில், யாரோ ஒருவர் தன் தந்தையின் அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொன்ன அடுத்த நிமிடம் நம் இணைப்பு வந்து விழுந்தால், அதை எத்தனை காலமானாலும் அவர் மறக்க மாட்டார். அனுப்புமுன் மேலே என்ன பேச்சு நடந்தது என்று படித்துப் பார்ப்பது அவசியம். தொடர்ந்து செய்தி பெற விரும்புபவர்களுக்கு ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாகச் சேர்க்கும் வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியல் நல்ல ஏற்பாடு. உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அச்செய்தி போகும் என்பதால், வேண்டாதவரைத் தொந்தரவு செய்யும் வாய்ப்பு அதில் குறைவு.

பிறருடைய நிகழ்ச்சியில்

சென்னையின் தனியிசை வட்டம் சிறியது. இன்று மேடையில் இருப்பவர் நாளை பார்வையாளர் வரிசையில் இருப்பார். ஒரே டிரம்மர் நான்கு குழுக்களில் வாசிப்பார். இங்கே ஒருவரைப் பற்றிய பேச்சு அவரது பாட்டுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே மற்றொருவரின் நிகழ்ச்சிக்குப் போகும்போது சில விஷயங்களில் கண்டிப்பாக இருப்பது நல்லது. நண்பராக இருந்தாலும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போக வேண்டும். முதலில் பாடும் அறியப்படாத குழு முடியும்வரை வெளியே நின்று பேசிக்கொண்டிருக்காமல் உள்ளே உட்கார வேண்டும். மார்கழிக் கச்சேரிகளில் தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்குக் கிளம்பும் பழக்கம் மிருதங்க வித்வான்களுக்கு எவ்வளவு வேதனை தருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நாளை நம் பாட்டுக்கு வாசிக்கப்போகிறவரின் தனிக்கு நாம் உட்கார்ந்து தாளம் போட்டிருக்க வேண்டாமா?

நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞரிடம் 'சூப்பர், நானும் ஒரு பாட்டு விட்டிருக்கேன், கேளுங்க' என்று ஒரே மூச்சில் சொல்வது, பாராட்டின் முதல் பாதியையும் பொய்யாக்கிவிடுகிறது. வியர்வை வழிய ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருப்பவரிடம் குறிப்பான ஒன்றைச் சொல்லுங்கள்: 'இரண்டாவது பாட்டுல பேஸ் நின்னுபோய், குரல் மட்டும் தனியா வந்துச்சே, அந்த இடம் ரொம்பப் பிடிச்சிது.' அன்று அதோடு சரி. அவராக 'நீங்க என்ன பண்றீங்க?' என்று கேட்டால் சொல்லலாம். ஒலியமைப்பாளருக்கும் ஒரு நன்றி சொல்லிவிட்டு வரலாம்; அன்றைய இரவில் அவரிடம் வந்து சேர்ந்தது பெரும்பாலும் குறைகளாகத்தான் இருக்கும்.

நம் பாட்டைப் பற்றிப் பேசும் வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் அதில் வாசித்தவர், மிக்ஸிங் செய்தவர், வரிகளில் கைகொடுத்தவர் ஆகியோரின் பெயர்களைச் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் அதே கூட்டத்தில் இருந்தால் அவரை அருகில் அழைத்துவிட்டே பேச்சைத் தொடங்க வேண்டும். 'என் பாட்டு' என்று சொல்வதில் பிழையில்லை, ஆனால் கடம் வாசித்தவர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது அச்சொல் தனியாக நின்றால் அவருக்கு வலிக்கும்.

புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஒருவரைக் கல்யாண வரவேற்பில் பார்க்க நேர்ந்தால் மனம் படபடப்பது இயற்கை. அவரும் அன்று விருந்தினர். மனைவி மக்களோடு வந்திருக்கிறார். அவர் கையில் பென்டிரைவைத் திணிப்பதோ, காதில் இயர்போனை நீட்டுவதோ கூடாது. வணக்கம் சொல்லி, அவருடைய இசையில் உங்களுக்கு ஏதேனும் உதவியிருந்தால் அதை ஒரு வாக்கியத்தில் சொல்லி, 'என் பாட்டு ஒண்ணு அனுப்பலாமா சார்? யார்கிட்ட அனுப்பணும்?' என்று கேட்கலாம். உதவியாளரின் பெயரையோ மின்னஞ்சலையோ சொன்னால் குறித்துக்கொண்டு விலகிவிட வேண்டும். 'பார்ப்போம்ப்பா' என்றால் அது இல்லை என்றே பொருள், வற்புறுத்த வேண்டாம். செல்ஃபி கேட்பதாக இருந்தால் பாட்டைப் பற்றிக் கேட்க வேண்டாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

அனுப்பிய பிறகு

இணைப்பை அனுப்பி இரண்டு வாரம் கழித்தும் பதில் இல்லாவிட்டால், கேட்க விரும்பி வாங்கிக்கொண்டவருக்கு மட்டும் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதன் பிறகு அடுத்த வெளியீடு வரை அப்பேச்சே வேண்டாம். நேரில் பார்க்கும்போது 'கேட்டியா?' என்று நாலு பேர் முன்னால் கேட்பதைத் தவிர்க்கவும். கேட்காதவர் பொய் சொல்ல வேண்டியதாகிவிடும், பிறகு உங்களைப் பார்த்தாலே ஒதுங்கத் தொடங்குவார். கேட்டுவிட்டு 'எனக்குப் பிடிக்கல, குரல் சரியா கேக்கவே இல்ல' என்று ஒருவர் சொன்னால், ஸ்டுடியோவின் குறையையோ அவருடைய இயர்போனின் குறையையோ விளக்கத் தொடங்காமல், எந்த இடத்தில் குரல் மங்கியது என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பாட்டின் மிக்ஸிங் முடிந்து வெளியிடுவதற்கு முன்பு முதலில் போட்டுக் காட்ட வேண்டியவர் அவர்தான்.