ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தால்

ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் "இப்ராகிம்" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பாம்பன், தங்கச்சிமடத்தில் அந்தோணிகளுக்கும் அதே கதைதான். ஊருக்குள் பட்டப்பெயரோ வீட்டுப் பெயரோ சொன்னால் ஆள் தெரிந்துவிடும். ஆவணத்தில் அது இருக்காதே!

என் மச்சான் மண்டபத்தில் மனை வாங்கப் போனபோது, விற்பவரின் பெயரை நீதிமன்ற இணையதளத்தில் தேடி, வழக்கு ஒன்றைப் பார்த்துப் பதறிவிட்டார். கடைசியில் அது பரமக்குடிக்காரர் ஒருவருடைய வழக்கு. இனிஷியல்கூட ஒன்றுதான்!

அதனால் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். நிலம் என்றால் சர்வே எண், உட்பிரிவு எண் கொண்டு பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் எடுங்கள். பட்டாவிலுள்ள தந்தை பெயரைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். வழக்கு என்றால் எழுத்தும் எண்ணுமாக 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்) கேட்டு வாங்கி, மனுதாரரின் தந்தை பெயர், முகவரி பொருந்துகிறதா என்று பாருங்கள்.

டாக்டர் என்றால் வேலை சுலபம். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்கும். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் அதைப் போட்டால் படிப்பு, பதிவான ஆண்டு எல்லாம் வந்துவிடும். வக்கீலுக்கு பார் கவுன்சில் பதிவு எண், கம்பெனி இயக்குநருக்கு 8 இலக்க டின் (DIN) எனும் இயக்குநர் அடையாள எண்.

அப்புறம், ஆங்கில எழுத்துக்கூட்டல். இப்ராகிமை மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் போட்டுத் தேடிவிட்டுத்தான் "இல்லை" என்று சொல்ல வேண்டும்.